பேர் அண்ணனுக்கு, கூப்பிடுவது எனக்கு

அந்த வட்டாரத்தில் மாடிக் கட்டடம் எதில் போய் விசாரித்தாலும் லிஃப்ட்காரர் என்றால் அவர் ஒருவர்தான். சொந்தப் பேர் கம்பெனி அடையாள அட்டையில் இருப்பதோடு சரி. முழங்கை வரை கிரீஸ், இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப் பையில் டெஸ்டர். லிஃப்ட் பாதி வழியில் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் பறக்கும். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் வராததுமாக மொட்டைமாடிக்கு ஓடி மெஷின் அறையைத் திறப்பார்கள். இவர் முதலில் கதவிடுக்கில் வாயை வைத்து, "உள்ள யாரு? நான் வந்துட்டேன். இனிமே பயமில்ல, பேசிக்கிட்டே இருங்க" என்பார்.

"மெஷின் எங்க ஓடிப்போகப் போகுது? ஆளுக்கு முதல்ல ஒரு குரல் வேணும்" என்பது அவர் கட்சி. உள்ளேயிருந்து லேசாகத் தட்டினாலும் எந்த மாடி என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு காது.

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காது கொடுத்த அந்த மனுஷனுக்கு வாழ்க்கை கொடுத்த பட்டம் ஒன்றே ஒன்றுதான். அப்பா. முறைப்படி பார்த்தால் அதுவும் அவருடையது கிடையாது.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அண்ணனும் அண்ணியும் ஏதோ வேலையாக வெளியூர் கிளம்பியபோது, கைக்குழந்தையைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, "சாயங்காலம் வந்து தூக்கிக்கறோம்" என்று சொல்லிப் போனார்கள். பஸ் பாலத்தில் கவிழ்ந்துவிட்டது. சாயங்காலம் வரைக்கும் என்று வந்த குழந்தை அந்த வீட்டுக் குழந்தையாகவே ஆகிவிட்டது. லிஃப்ட்காரருக்கும் அவர் மனைவிக்கும் அதற்குமுன் குழந்தை இல்லை, பிறகும் பிறக்கவில்லை. அதை நினைத்து அவர்கள் உட்கார்ந்து அழுததாக யாரும் பார்த்ததும் இல்லை. வந்தது செய்த அட்டகாசத்தில் இன்னொன்றைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது? வாலு என்று பேர் விழுந்தது அதனால்தான்.

வாலு முதன்முதலாக வாயைத் திறந்து "ப்பா" என்றபோது அவர் வேலைக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. நம்மை இல்லை என்று நினைத்துக்கொண்டார். குழந்தை தவழ்ந்து வந்து அவர் முடியைப் பிடித்து இழுத்து மறுபடியும் "ப்பா" என்றது.

"ஏங்க, உங்களைத்தான் கூப்பிடறா" என்றாள் மனைவி.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு காலில் ஷூவோடு பகல் முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிந்தாராம். மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

தெரிந்த வக்கீல் ஒருவர் எடுத்துச் சொன்னார், சட்டப்படி தத்தெடுத்துவிடுங்கள், பின்னால் தொல்லை இருக்காது என்று. "நம்ம பிள்ளைய நாமளே தத்தெடுக்கறதா? நல்லா இருக்கு சார் கதை!" என்று சிரித்து அனுப்பிவிட்டார் லிஃப்ட்காரர். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. தத்தெடுத்தால் காகிதத்தில் அண்ணன் பேர் போய்விடும். போன மனுஷனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது பிள்ளையின் பேருக்கு முன்னால் நிற்கிற அந்த ஓர் எழுத்து இனிஷியல்தான். அதையும் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

"பேர் அண்ணனுக்கு இருக்கட்டும். கூப்பிடறது எனக்குப் போதும்" என்றார் மனைவியிடம்.

பாகப்பிரிவினை என்றால் இதுதான் பாகப்பிரிவினை. ஒரு சண்டை இல்லை, ஒரு சச்சரவு இல்லை. சுவரில் படமாக இருந்த அண்ணன் வாலுவுக்குப் பெரியப்பா ஆனார். விவரம் தெரிகிற வயது வந்ததும் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் படத்தையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள். "சரி, இவர் பெரியப்பாவாவே இருக்கட்டும். நீதான் அப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். லிஃப்ட்காரர் முகத்தைக் கழுவப் போவதுபோல எழுந்து போனார்.

வாலு வளர்ந்தாள், படித்தாள். கழிவுநீரைச் சுத்தம் செய்து குடிநீராக்குகிற படிப்பை மேற்கொண்டு படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்தது. "சாக்கடையைப் பத்திப் படிக்கறதுக்குக் கடல் தாண்டணுமா? நம்ம தெருவுலயே வேணும்கிற அளவுக்கு ஓடுதே" என்றாள் அம்மா. ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கல்லூரியின் பேரைத் தப்புத் தப்பாகச் சொல்லிப் பெருமையடித்ததும் அவள்தான்.

விசாவுக்கு எழுதிக் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. தகப்பனாரும் தாயாரும் இறந்துவிட்டார்கள். படிப்புச் செலவை ஏற்பவர் தகப்பனாரின் தம்பி. எல்லாம் உள்ளது உள்ளபடி. நேர்காணல் நாளில் அந்த அலுவலகத்துக்கு எதிர் நடைபாதையில் ஒரு மருந்துக்கடை நிழலில் லிஃப்ட்காரர் காத்திருந்தார். உள்ளே போன வேகத்திலேயே வாலு திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவர் நிழலை விட்டு எதிரே வந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்திருக்கிறார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். எத்தனை பேர் எத்தனை தடவை அவளிடம் கேட்ட கேள்வி! வாலு யோசிக்கவே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லிவிட்டாள். அப்பா இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறாயே என்று அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டியதும் பதறிப்போய், "அது அப்பா இல்லை, என் பெரியப்பா" என்று உளறிவிட்டாள். அதற்கப்புறம் அவள் சொன்ன விளக்கமெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். பெரியப்பா, சித்தப்பா, மாமா, எதிர் வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே அங்கிளாக இருக்கிற மொழியில் எதைச் சொல்லி எதைப் புரியவைப்பது? எழுதியது ஒன்று, பேசுவது ஒன்று என்று விசா இல்லை என்றுவிட்டார்கள்.

"வாய் தவறிடுச்சுப்பா" என்று நடைபாதையிலேயே நின்று அழுதாள். "அவ்ளோ தடவை படிச்சுட்டுப் போனேன்ப்பா. வாய் தவறிடுச்சு."

"அழாத. வாய் எங்க தவறுச்சு? நீ சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார் அவர்.

அந்த நிமிஷத்தில் அவருக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. பிள்ளையின் படிப்பு மண்ணாகிப் போகிற நேரத்தில் தனக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

விசா விண்ணப்பங்களைக் கவனித்துக்கொண்ட ஏஜென்சிக்காரருக்கு இவர்கள் வைத்திருந்த பேர் நோ டென்ஷன். மனுஷன் வாக்கியத்தை ஆரம்பிப்பதும் அதில்தான், முடிப்பதும் அதில்தான். "நோ டென்ஷன் சார். அடுத்த பருவத்துக்கு மறுபடி போடலாம். ஆனா இன்னொரு தடவை பேச்சு மாறுச்சுன்னா அப்புறம் அந்த நாட்டையே மறந்துர வேண்டியதுதான். பொண்ணை நல்லாப் பழக்குங்க. நோ டென்ஷன்."

பழக்குங்கள் என்று அவர் சொன்னது நேர்காணலுக்கான ஒத்திகையை. லிஃப்ட்காரர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நாக்கு எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் அவசரத்தில் சொல்லும். மனப்பாடம் அங்கே உதவாது. ஆக, மாற்ற வேண்டியது நாக்கின் பழக்கத்தை.

வீட்டுக்கு வந்ததும் இருவரையும் உட்கார வைத்தார். "இன்னையிலேர்ந்து நான் சித்தப்பா. சுவத்துல இருக்கறவர்தான் அப்பா. மறந்து அப்பான்னு கூப்பிட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"அப்ப நான்?" என்றாள் மனைவி.

"நீ சித்தி."

"அந்தக் கதையே வேணாம். எந்தக் காகிதத்துலயும் என் பேரு இல்ல, எந்தச் சட்டமும் என்னைக் கட்டாது. என்னைச் சித்தின்னு கூப்பிட்டுப் பாக்கட்டும், அன்னையோட அடுப்படியை மூடிடறேன்."

அவள் அம்மாவாகவே இருந்துவிட்டாள். புத்திசாலி.

முதல் சில நாட்கள் விளையாட்டாகத்தான் போயிற்று. குளியலறையிலிருந்து வாலு, "அப்பா, துண்டு!" என்று கத்துவாள். இவர் கூடத்தில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பார். "துண்டு குடுப்பா... ஐயோ, சித்தப்பா! சித்தப்பா!" என்று அவள் திருத்திக்கொண்ட பிறகுதான் கால் நகரும். "பிள்ளை ஈரத்தோட நிக்குது, நீங்க சட்டம் பேசறீங்க" என்று மனைவி திட்டுவாள். வாலு பின்னாலிருந்து பூனைபோல் வந்து காதோரம் "அப்பா" என்று சொல்லிச் சோதிப்பாள். அவர் திரும்பமாட்டார். மூன்று பேரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பாமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பிறகு அவர் கணக்கில் இல்லாத ஒன்று நடந்தது. வீட்டுக்குள் மரியாதை வந்துவிட்டது. அப்பாவிடம் "நீ, வா, போ, போப்பா, லூசாப்பா நீ" என்று பேசிக்கொண்டிருந்தவள் சித்தப்பாவிடம் "நீங்க, வாங்க, சாப்பிட்டீங்களா" என்று பேச ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வார்த்தையோடு இந்த வார்த்தை தானாக ஒட்டிக்கொண்டு வந்தது. முன்னெல்லாம் அவர் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்பவள், இப்போது "உங்களுக்கு வேணுமா சித்தப்பா?" என்று கேட்டாள். அவர் சோபாவில் வந்து உட்கார்ந்தால் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். சொல்லிக் குறைப்பட ஒன்றுமே இல்லை. மரியாதை தெரிந்த பெண் என்றுதான் யாரும் சொல்வார்கள். லிஃப்ட்காரருக்கோ தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்ட மாதிரி இருந்தது. தானே போட்ட சட்டம், யாரிடம் போய் முறையிடுவது?

அவரும் பழகித்தான் போனார். ஒருநாள் ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது படிக்கட்டில் ஒரு பெண் குழந்தை "அப்பா" என்று உரக்கக் கூப்பிட்டது. எந்தக் குழந்தை கூப்பிட்டாலும் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்க்கிற ஆள் அவர். அன்றைக்குத் தலை நிமிரவில்லை. கையிலிருந்த ஸ்பேனர்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "பாத்தியா, நானே பழகிட்டேன்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது நேர்காணலுக்கு அதே நடைபாதை, அதே மருந்துக்கடை நிழல். இந்தத் தடவை அதிகாரி ஒரு பெண்மணி. "அப்பா நான் குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். சித்தப்பா படிக்க வைக்கிறார்" என்று வாலு தடங்கலே இல்லாமல் சொன்னாளாம். அந்தம்மா வருத்தம்கூடத் தெரிவித்தாராம்.

வாலு சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "சித்தப்பா! கிடைச்சிருச்சு சித்தப்பா!"

எத்தனை மாதமாக அவர் காத்திருந்த சேதி! அவளைக் கட்டிப்பிடித்து உச்சி மோந்தார். உள்ளே மட்டும் ஏதோ முறிந்தது. வாசலைத் தாண்டி வெளியே வந்தாயிற்று, விசாவும் கையில் கிடைத்தாயிற்று, வாயில் பழைய வார்த்தை வரும் என்று அவர் நினைத்திருந்தார். துள்ளிக் குதிக்கிற சந்தோஷத்தில், யோசிக்க நேரமே இல்லாத அந்த அவசரத்தில், அவள் நாக்கு எதற்குப் பழகியிருந்ததோ அது வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே வாலு கேட்டாள். "அதான் விசா வந்திருச்சே. இனிமே அப்பான்னு கூப்பிடலாமில்ல?"

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனுஷன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கேட்டாளே பிள்ளை, அவளாகக் கேட்டாளே! சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஆனால் நோ டென்ஷன் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார், அங்கே போய் இறங்கும்போதும் அதிகாரிகள் கேட்பார்கள் என்று. அது இவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. அங்க இறங்கி, எல்லாம் முடிஞ்சு வெளிய வந்ததும் எனக்குப் போன் போடு. அப்பான்னு ஆசை தீரக் கூப்பிடு. அதுவரைக்கும் நான் திரும்ப மாட்டேன்."

"சரிங்க சித்தப்பா" என்றாள் வாலு. மடித்த துணியைப் பெட்டியில் வைத்தாள்.

விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடி வாசலோடு நிற்க வேண்டியதுதான். ஆள் உள்ளே போகப் போகக் கதவு திறந்து திறந்து மூடியது. எங்கே பார்த்தாலும் பெட்டி, தள்ளுவண்டி, அழுகிற குழந்தைகள், பேர் சொல்லிக் கத்துகிற குடும்பங்கள். வாலு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் காலைத் தொடக் குனிந்தாள், அவர் பாதியிலேயே தூக்கிவிட்டார். "போயிட்டு வரேன் சித்தப்பா" என்றாள். "போயிட்டு வாம்மா" என்றார்.

அவள் உள்ளே போய் வரிசையில் நின்றதும் அவருக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். எதிரே ஒரு லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கதவு மூடும்போது லேசாக உரசுகிற சத்தம் வந்தது. அடியில் தூசி அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைக்க வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

அப்போது "அப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

நன்றாகவே கேட்டது. அந்தக் காதுக்குக் கேட்காமல் போகுமா? யார் வீட்டுப் பிள்ளையோ யாரையோ கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டார். மறுபடியும் கேட்டது, இன்னும் உரக்க. பாவம், அந்த அப்பா எங்கே போய்த் தொலைந்தான் என்றுகூட நினைத்தார். லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, உங்களைத்தான் கூப்பிட்டா!"

அவர் திரும்பினார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டிருந்தது. வரிசையில் அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். கதவுப் பக்கம் ஓடி, "வாலு! வாலு!" என்று கண்ணாடியைத் தட்டினார். காவலர் வந்து கையைப் பிடித்து விலக்கினார். போன் அடித்துப் பார்த்தார், அணைத்து வைத்திருந்தாள். மாட்டிக்கொண்ட ஆயிரம் பேருக்குக் கதவிடுக்கில் குரல் கொடுத்த மனுஷன், தன் பிள்ளை கூப்பிட்டபோது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இறங்கினதும் கூப்பிடுவா. நீங்கதான சொன்னீங்க, அப்ப கூப்பிடுன்னு" என்று பஸ்ஸில் மனைவி சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. போனை மேஜைமேல் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குமேல் அடித்தது.

"சித்தப்பா, வந்து சேந்துட்டேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"எல்லாம் முடிஞ்சு வெளிய வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன். இங்க ரொம்பக் குளுருது."

அவர் காத்திருந்தார். அந்தப் பக்கம் வண்டிச் சத்தமும் அவள் மூச்சும் கேட்டது.

"ஏர்போர்ட்ல நீ... நீ கூப்பிட்டியாமே" என்றார்.

"ஆமா. வாய் தவறிடுச்சு சித்தப்பா." சிரிக்கப் பார்த்தாள். "நீங்க திரும்பவே இல்ல. சொன்னா சொன்னதுதான் உங்களுக்கு. நான்தான் அழுதுகிட்டே போனேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், நீங்க சொன்னது சரிதான். இங்க வந்து அந்த ஆபீசர் கேட்டப்ப எனக்கு நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறல."

சட்டத்துக்காகத் திரும்பாமல் இருந்ததாகப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லம்மா, கேட்டுச்சு, ஆனா நீ என்னைத்தான் கூப்பிடறேன்னு தெரியல என்று சொல்ல வேண்டும். அவள் நினைப்பதைவிட அது கொடுமையாக இருந்தது. வாய் எங்க தவறுச்சு, நீ சரியாத்தான் கூப்பிட்ட என்று சொல்ல வேண்டும். அதற்கும் குரல் வரவில்லை.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"இனிமேதான். நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க. சரி, அம்மாகிட்ட குடுங்க சித்தப்பா."

அவர் போனை மனைவியிடம் கொடுத்தார்.